வேடிக்கைப் பாட்டுக்காரர் மட்டில்டாவுக்கு வந்து சேர்ந்த வழி

'மட்டில்டா' இசைநாடகத்தின் மேடையில் ஒரு பள்ளிக்கூடத்து இரும்புக் கேட். முதல் நாள் பள்ளிக்கு வந்த சின்னப் பிள்ளைகள் பையோடு மிரண்டு நிற்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பாடியே பயமுறுத்துகிறார்கள்: வீட்டில் ராஜாவாக இருந்திருக்கலாம், ராணியாக இருந்திருக்கலாம், இங்கே அதெல்லாம் நடக்காது. பாட்டு வேகமாக ஓடுகிறது. கூடவே எழுத்துக் கட்டைகள் கேட்டுச் சட்டத்தில் ஒவ்வொன்றாகச் செருகப்படுகின்றன. அவற்றின் மேலேயே கால்வைத்துப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். நாலைந்து கட்டைகள் உள்ளே போன பிறகுதான் பார்ப்பவருக்கு உறைக்கும். பாட்டின் வரிகளுக்குள் ஆங்கில நெடுங்கணக்கு முழுவதும் வரிசை மாறாமல் ஒளிந்திருக்கிறது.

'ஏபிள்' என்ற சொல்லில் ஏ. 'பீயிங்' என்பதில் பி. 'சீ' என்று பார்ப்பதைச் சொல்லும்போது சி. 'டிராஜடி'யின் கடைசி அசையில் டி. டபிள்யூ வரும் இடம் இன்னும் அழகு. ஒரு வரி 'டபிள்' என்று முடிகிறது, அடுத்த வரி 'யூ' என்று தொடங்குகிறது. இரண்டு வரிகளுக்கு நடுவே கால் விரித்து நிற்கிறது அந்த எழுத்து. 'ஒய்' என்பது 'ஏன்?' என்ற கேள்வி. கடைசியில் உடற்பயிற்சி வகுப்பைக் குறிக்கும் 'ஃபிஸ்-எட்'. அதன் வால்தான் 'ஸெட்'. அந்த வகுப்பில்தான் தலைமையாசிரியை டிரஞ்ச்புல்லின் கொடுமை உச்சம் என்பதால், எழுத்து வரிசை முடியும் இடமும் பிள்ளைகளின் பயம் உச்சத்துக்குப் போகும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு எழுத்து வரிசையில் பாட்டு கட்டுவது புதிதில்லை. ஆனால் அங்கே எழுத்து வரியின் முதலில் கண்ணுக்குத் தெரிய நிற்கும். இங்கே அது காதில் மட்டும் விழுகிறது, அதுவும் சொல்லின் நடுவிலோ வாலிலோ. எழுதியவர் டிம் மிஞ்சின். அந்த இசைநாடகம் 2012இல் லண்டன் நாடக உலகின் ஒலிவியர் விருதுகளில் ஏழு விருதுகளை அள்ளியது. அதுவரை எந்த நாடகமும் ஒரே ஆண்டில் அத்தனை வாங்கியதில்லை. இதில் விசித்திரம், அதற்கு ஏழெட்டு ஆண்டு முன்புவரை இந்த ஆளை என்ன செய்வதென்று இசை உலகத்துக்கும் தெரியவில்லை, நாடக உலகத்துக்கும் தெரியவில்லை.

மிஞ்சின் 1975இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் பிறந்தார். பெற்றோர் ஆஸ்திரேலியர்கள். வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். அப்பா அறுவைச் சிகிச்சை நிபுணர், தாத்தாவும் அதே. எட்டு வயதில் பியானோ வகுப்புக்குப் போனார், மூன்று ஆண்டில் விட்டுவிட்டார். சகோதரர் கிட்டார் வாசிக்க, அதோடு சேர்ந்து வாசிப்பதற்காகத்தான் மறுபடி பியானோவைத் தொட்டார். இசைக்குறிப்பைப் பார்த்துச் சரளமாக வாசிக்கவோ எழுதவோ அவர் கற்றுக்கொள்ளவில்லை. இது பின்னால் வேறொரு இடத்தில் வந்து இடிக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் நாடகமும், பிறகு இன்னொரு கல்லூரியில் நவீன இசையில் ஒரு டிப்ளமோ. 2002இல் பிழைப்புத் தேடி மெல்போர்ன் போனார்.

அங்கே ஓராண்டுக்கும் மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடிகராக வாய்ப்பில்லை. பாட்டுகளை எடுத்துக்கொண்டு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குப் போனால், நன்றாக இருக்கிறது என்பார்கள், ஆனால் இது நையாண்டியா, காதல் பாட்டா, ராக்கா, எந்த அலமாரியில் வைத்து விற்பது என்று குழம்புவார்கள். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தக் கோமாளிப் பாட்டுகளையெல்லாம் ஒரே நிகழ்ச்சியில் கொட்டித் தீர்த்துவிடுவோம், அதன் பிறகு ஒழுங்காக 'உண்மையான' இசைக்குத் திரும்புவோம் என்று. கொட்டித் தீர்க்கப் போட்ட அந்த நிகழ்ச்சிதான் பிடித்துக்கொண்டது. 2005இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவில் சிறந்த புதுமுக நகைச்சுவையாளர் விருது கிடைத்தது. உண்மையான இசைக்குத் திரும்புவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

அந்த நாட்களின் மேடைக் கோலத்தை யூடியூபில் பார்க்கலாம். வெறுங்கால், சீவாத செம்பட்டை முடி, கண்ணைச் சுற்றி அப்பிய மை, ஒரு பெரிய பியானோ. நானும் முதலில் இதை வெறும் ராக் ஸ்டார் பகட்டு என்றுதான் நினைத்தேன். மைக்கு அவர் சொன்ன காரணம் வேறு. இரண்டு கையும் பியானோவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, சைகை செய்ய முகம் ஒன்றுதான் மிச்சம், கடைசி வரிசைக்காரருக்கும் கண் தெரிய வேண்டாமா? கூத்துக்காரர் யாரைக் கேட்டாலும் அரிதாரத்துக்கு இதே காரணத்தைச் சொல்வார்.

அந்தக் காலப் பாட்டுகளில் ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பெயர் 'பிரெஜுடிஸ்', முன்முடிவு. வாயால் சொல்லக் கூடாத ஒரு சொல்லைப் பற்றி மிகுந்த சோகத்தோடு பாடத் தொடங்குகிறார். ஆறே எழுத்து என்கிறார். இரண்டு ஜி, ஒரு ஆர், ஒரு ஈ, ஒரு ஐ, ஒரு என். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், வெளியாள் சொல்லக் கூடாது என்கிறார். அரங்கில் இருப்பவர்கள் மனதுக்குள் எழுத்துகளைக் கூட்டி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தப் பழைய வசைச்சொல்லுக்குப் போய்ச் சேர்ந்து, நாற்காலியில் நெளிகிறார்கள். அப்போது உடைக்கிறார்: சொல் 'ஜிஞ்சர்'. செம்பட்டை முடிக்காரர்களைக் கேலி செய்யும் சொல். பாடுகிறவரின் தலையைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும்! ஆறு எழுத்தைக் கலைத்துப் போட்டு இத்தனை பேரையும் அவரவர் மனதுக்குள்ளேயே மாட்டவைத்த அதே கைதான் பின்னால் இருபத்தாறு எழுத்தைப் பள்ளிக்கூடக் கேட்டில் ஒளித்துவைத்தது.

ஆனால் எழுத்து விளையாட்டுக்காக மட்டும் யாரும் ஒருவரிடம் ஒரு முழு நாடகத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். அவரிடம் இன்னொரு வகைப் பாட்டும் இருந்தது. 'வொயிட் வைன் இன் தி சன்' என்பது கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கோடை வெயிலில் வரும். பாட்டின் முதல் பாதியில் மதத்தைப் பற்றிச் சில குத்தல்கள். பிறகு மெல்ல, கைக்குழந்தையான மகளிடம் பேச ஆரம்பிக்கிறார். நீ வளர்ந்து உலகின் எந்த மூலையில் இருந்தாலும், இந்த வெயிலில் உன் பாட்டி, தாத்தா, மாமா, அத்தை எல்லாரும் உனக்காகக் காத்திருப்பார்கள் என்கிறார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மூக்கை உறிஞ்சும். நையாண்டியா, உருக்கமா என்று கம்பெனிக்காரர்கள் குழம்பியது இதைப் பார்த்துத்தான். இரண்டையும் ஒரே பாட்டில் வைக்க இடம் தரும் கலை ஒன்று இருக்கிறது. அது இசைநாடகம்.

ரோல்ட் டால் 1988இல் எழுதிய 'மட்டில்டா' என்ற சிறுவர் நாவலை இசைநாடகமாக்க ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பிரிட்டிஷ் நாடகக் குழு முடிவெடுத்தது. வசனம் டென்னிஸ் கெல்லி, இயக்கம் மேத்யூ வார்கஸ். மிஞ்சினின் தனிநபர் நிகழ்ச்சியைப் பார்த்த வார்கஸ் அவரை அழைத்தார். இங்கேதான் அந்தப் பழைய இடி. பல ஆண்டுகளுக்கு முன், பெர்த்தில் இளைஞர் நாடகங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த காலத்தில், இதே நாவலை நாடகமாக்க அனுமதி கேட்டு டால் படைப்புகளின் உரிமையாளர்களுக்கு மிஞ்சின் எழுதியிருந்தார். இசைக்குறிப்பின் மாதிரியை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எழுதத் தெரிந்தால்தானே அனுப்ப? அப்படியே விட்டுவிட்டார். இப்போது அதே கதை தானாக வீடு தேடி வந்தது. குறிப்பெழுதும் பிரச்சினையும் இந்த முறை தடையாகவில்லை. வாத்தியக் கோர்ப்பை கிறிஸ் நைட்டிங்கேல் பார்த்துக்கொண்டார்.

நம்மூர் வாசகருக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், அதன் அளவுக்குக் கவிஞர் சொல்லை வெட்டிப் போடுவார். நல்ல கவிஞர்கள் அதிலேயே அற்புதம் செய்திருக்கிறார்கள், அது வேறு கதை. மிஞ்சினைப் போலச் சொல்லும் மெட்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, ஒரு நகைச்சுவை விழ அரை மாத்திரை இடைவெளி தேவை என்றால் மெட்டை இழுத்துக்கொள்ளலாம். மேடையில் ஆண்டுக்கணக்கில் தனியாக நின்று, எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும், சிரிப்பு அடங்க எத்தனை நொடி ஆகும் என்று உடம்பால் அறிந்தவர் எழுதும் பாட்டில் அந்த நொடிகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஐந்து வயதுப் பெண் மட்டில்டா நூலகப் புத்தகங்களைத் தின்று தீர்க்கிறாள். அப்பா அம்மாவுக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. பள்ளியில் ஹனி டீச்சர் மட்டும் ஆதரவு. தலைமையாசிரியை டிரஞ்ச்புல் ஒரு காலத்தில் சுத்தியல் எறிதல் வீராங்கனை, இப்போது பிள்ளைகளை எறிகிறார். அம்மாவுக்கு மிஞ்சின் கொடுத்த பாட்டின் பெயர் 'லவுட்'. என்ன தெரியும் என்பது முக்கியமில்லை, எவ்வளவு சத்தமாகச் சொல்கிறாய் என்பதுதான் முக்கியம் என்று லத்தீன் நடன ஆர்ப்பாட்டத்தோடு பாடுகிறாள். நாடகத்தின் பிற்பகுதியில் மகளுக்கு வரும் பாட்டின் பெயர் 'குவயட்'. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

'குவயட்' அமைதியாகத் தொடங்குவதில்லை. நான் சிவப்பு என்று பார்ப்பதைத்தான் நீயும் சிவப்பு என்று பார்க்கிறாயா என்பது போன்ற கேள்விகளைச் சிறுமி மூச்சுவிடாமல் அடுக்குகிறாள். மண்டைக்குள் சத்தம் ஏறுகிறது, கத்தல் கேட்கிறது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. திடீரென்று வாத்தியங்கள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. புயலின் கண்ணுக்குள் போய் நின்றதுபோல. சுற்றி இருப்பவர்களின் வாய் அசைகிறது, அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவளுடைய மாய சக்தி முதல்முறை விழிக்கும் நேரம் அது. வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே இசை உச்சத்துக்குப் போயிருக்கும். இவர் இசையை அடக்கினார். மட்டில்டாவாக நடிக்கும் ஒரு பத்து வயதுக் குழந்தை, பெரிய அரங்கில், பக்கபலமாக எந்த வாத்தியமும் அதிகம் இல்லாமல், ஆயிரம் பேரை அசையாமல் வைக்க வேண்டும். அது அந்தக் குழந்தையின் மேல் வைத்த நம்பிக்கை. லண்டனில் மட்டில்டாவாக மாறி மாறி நடித்த நான்கு சிறுமிகளும் சிறந்த நடிகைக்கான ஒலிவியர் விருதைச் சேர்ந்து வாங்கியதில் இந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

'வென் ஐ க்ரோ அப்' இன்னொரு வகை. ஊஞ்சல்கள் பார்வையாளர்களின் தலைக்கு மேல்வரை வந்து போகின்றன. பெரியவனானதும் மரக்கிளை எட்டும், தினமும் வேலைக்குப் போகும் வழியில் மிட்டாய் தின்பேன், கனமானதையெல்லாம் தூக்க வலு வரும் என்று பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். சிரிப்பாக இருக்கும். பிறகு அதே மெட்டில், அதே 'பெரியவளானதும்' என்ற சொல்லோடு ஹனி டீச்சர் சேர்ந்துகொள்கிறார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதங்களோடு சண்டை போடும் தைரியம் அப்போது வந்துவிடும் என்கிறார். அவர் ஏற்கெனவே பெரியவர்தான். முன்வரிசைப் பெற்றோர்கள் கைக்குட்டை தேடுவது அந்த இடத்தில்.

நாடகம் முதலில் ஏறியது 2010 இறுதியில், ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில். அரசு மானியம் பெறும் ஒரு கம்பெனி இது. வணிகத் தயாரிப்பாளராக இருந்தால், லண்டனின் வணிக நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் அதுவரை ஒரு நாடகத்துக்கும் இசையமைக்காத, கண்மை பூசிய நகைச்சுவைக்காரரிடம் குழந்தைகள் கதையைக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகமே. ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. 1985இல் 'லே மிசராப்ல்' என்ற இசைநாடகம் ஆங்கிலத்தில் மேடையேறியதில் அதற்குப் பங்கு இருந்தது. 2011இல் மட்டில்டா லண்டனின் கேம்பிரிட்ஜ் தியேட்டருக்கு வந்தது. 2013 ஏப்ரலில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வே. அங்கே வசனம், துணை நடிகர், அரங்க அமைப்பு, ஒளியமைப்பு என நான்கு டோனி விருதுகள், பிராட்வேயின் ஒலிவியர் அவை. சிறந்த இசைநாடகம், சிறந்த இசை இரண்டையும் 'கிங்கி பூட்ஸ்' என்ற இன்னொரு நாடகம் எடுத்துக்கொண்டது. அதற்கு இசையமைத்த பாப் பாடகி சிண்டி லாப்பருக்கும் அது முதல் இசைநாடகம்தான். டோனி கைநழுவியது மிஞ்சின் ரசிகர்களுக்கு இன்றும் ஒரு வயிற்றெரிச்சல். விருது நழுவினாலும் பிராட்வேயில் 2017 புத்தாண்டு நாள்வரை நாடகம் ஓடியது.

எழுதுகிறவராக வெற்றிபெற்ற பிறகும் அவர் நடிப்பை விடவில்லை. 2012இல் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற ராக் இசைநாடகம் பெரிய விளையாட்டரங்குகளைச் சுற்றியபோது யூதாஸ் அவர்தான். கடவுளை நம்பாதவருக்கு யூதாஸ் வேடம் என்று பலர் கிண்டலடித்தார்கள். ஆனால் அந்த வேடத்தின் பாட்டுகள் தொண்டையைக் கிழிப்பவை. ஏசுவைக் காட்டிக்கொடுத்தவனின் குற்றவுணர்ச்சியை ராக் குரலில் கொண்டுவர வேண்டும். அதைச் செய்தார். அடுத்த ஆண்டு சிட்னியில் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டின் நாடகம் ஒன்றில், பாட்டே இல்லாமல், வெறும் வசனத்தோடு நின்றார்.

இரண்டாவது இசைநாடகம் எடுத்துக்கொண்ட கதையே வம்பு பிடித்தது. 'கிரவுண்ட்ஹாக் டே' 1993இல் பில் மர்ரி நடித்து வந்த படம். பென்சில்வேனியாவின் பங்ஸடானி என்ற சிற்றூரில் வானிலை அறிவிப்பாளர் ஒருவர் பிப்ரவரி 2ஆம் தேதிக்குள் மாட்டிக்கொள்கிறார். எத்தனை முறை விழித்தாலும் அதே நாள். இசைநாடக மேதை ஸ்டீவன் சாண்ட்ஹைமே ஒருகாலத்தில் யோசித்துப் பார்த்து, இதை இனி மேம்படுத்த ஒன்றுமில்லை என்று விட்ட கதை. மேடையில் சிக்கல் என்னவென்றால், ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்தால் ஒரே பாட்டும் திரும்பத் திரும்ப வர வேண்டும். பார்ப்பவருக்குச் சலிக்கவும் கூடாது. மிஞ்சின் ஊரின் காலைப் பாட்டை அப்படியே மறுபடி ஓடவிட்டு, நாயகனின் மனநிலையை மட்டும் மாற்றினார். ஊர்க்காரர்கள் ஒரு துளி மாறாமல் அதே உற்சாகத்தோடு பாடுகிறார்கள். முதலில் நாயகன் கேலி செய்கிறான், பிறகு பயப்படுகிறான், பிறகு வெறுக்கிறான். கேட்கிற நமக்கும் அதே மெட்டு ஒவ்வொரு தடவையும் வேறாகக் கேட்கிறது.

இன்னொரு துணிச்சல் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில். இடைவேளை முடிந்து எல்லாரும் நாயகனுக்காகக் காத்திருக்கும்போது, நான்சி என்ற உதிரிப் பாத்திரம் தனியாக வந்து பாடுகிறாள். நாயகன் ஓர் இரவுக்கு ஏமாற்றிப் படுக்கைக்கு அழைத்த பெண் அவள். அழகான முகம் என்பதால் எல்லாருடைய கதையிலும் தனக்குச் சின்ன வேடம்தான் கிடைக்கிறது என்கிறாள். கதைக்குள் இருந்துகொண்டே கதாசிரியர்களைக் குத்துகிற பாட்டு. படத்தில் இப்படி ஒன்று இல்லை. மிஞ்சின் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் மட்டில்டாவைத் தாண்டி இதைத்தான் சொல்வேன்.

இந்த நாடகம் 2016இல் லண்டனின் ஓல்ட் விக் அரங்கில் ஏறி, அடுத்த ஆண்டு சிறந்த புதிய இசைநாடகத்துக்கான ஒலிவியரை வாங்கியது. அதே ஏப்ரலில் பிராட்வேயில் தொடக்கம். திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நாயகன் ஆண்டி கார்ல் மேடையில் குதித்து இறங்கும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு திறப்பு விழாவில் நடித்தார். ஏழு டோனி பரிந்துரைகள் வந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை. செப்டம்பரில் நாடகம் மூடப்பட்டது. பிராட்வே வாராவாரம் கணக்குப் பார்க்கும் இடம். அரங்க வாடகை, சம்பளம், விளம்பரம் எல்லாம் டிக்கெட் வசூலில் இருந்து அந்த வாரமே வந்தாக வேண்டும். நல்ல விமர்சனம் மட்டும் நாற்காலியை நிரப்பாது.

அந்த 2017 அவருக்குக் கெட்ட ஆண்டு. டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்காக ஆஸ்திரேலியப் பாலைவன விலங்குகளைப் பற்றி 'லாரிக்கின்ஸ்' என்ற அனிமேஷன் இசைப்படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி நான்கு ஆண்டு உழைப்பு. நிறுவனம் கைமாறியது, புதிய உரிமையாளர்கள் படத்தைக் கைவிட்டார்கள். மேடையில் ஒரு பாட்டு விழவில்லை என்றால் மறுநாள் இரவு மாற்றிவிடலாம். இதில் யாருமே பார்க்காமல் வேலை முழுவதும் பூட்டுக்குள் போய்விட்டது. துக்கத்தை அவர் மறைக்கவில்லை. சிட்னிக்குத் திரும்பி, 'அப்ரைட்' என்ற தொலைக்காட்சித் தொடரை எழுதி நடித்தார். ஒரு பழைய பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் கதை அது. 2020இல் வந்த 'அபார்ட் டுகெதர்' இசைத்தொகுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு வந்ததைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய அரசின் கௌரவமும் கிடைத்தது.

நாடகங்கள் பிறகு மெல்லத் திரும்பி வந்தன. 2022இல் மட்டில்டா இசைநாடகம் திரைப்படமானது. அதன் முடிவுக்கு மிஞ்சின் புதிதாக ஒரு பாட்டு எழுதினார். பிராட்வேயில் ஐந்து மாதத்தில் மூடப்பட்ட 'கிரவுண்ட்ஹாக் டே' 2023இல் மறுபடி ஓல்ட் விக்கில் ஏறியது, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மெல்போர்னுக்கும் போனது. இரண்டு இடத்திலும் நாயகன், முழங்கால் தசைநார் கிழிந்த அதே ஆண்டி கார்ல்.

மிஞ்சின் அந்த இடைவெளியில் தனியாகவும் ஊர் சுற்றினார். வேடிக்கைப் பாட்டுகளைக் கழற்றிவைத்துவிட்டு, நாடகத்துக்கும் படத்துக்கும் தனக்குமாக எழுதிய பாட்டுகளைப் பாடும் நிகழ்ச்சி அது. மேடையில் பியானோவும் அவரும் மட்டும். சுவரொட்டியில் போட்ட பெயர்: 'டிம் மிஞ்சினும் அவருடைய பியானோவும், வேடிக்கை இல்லாத ஒரு மாலை'.